செக்ரோலில் நாய்க்கும் ஒரு வரி

தீபாவளி நெருங்கும் நாள்களில் சுங்கைப் பட்டாணியிலிருந்து பீடோங் போகும் பழைய சாலையில், செம்பனைக் காட்டோரமாகக் கொஞ்சம் மெதுவாகப் போய்ப் பாருங்கள். கழுத்தில் பட்டை கட்டிய நாய்கள் நிற்கும். தெருநாய் காரைக் கண்டால் ஒதுங்கும். இவை ஒதுங்காமல் ஒவ்வொரு காரையும் எட்டிப் பார்க்கும். யாரோ ஊருக்குப் போகிற அவசரத்தில் இறக்கிவிட்டுப் போனவை. சீனப் பெருநாளுக்கு முன்பும் இதே காட்சிதான். நோன்புப் பெருநாள் வந்தால் நாய்க்குப் பதில் பூனை, செம்பனைக் காட்டுக்குப் பதில் மார்க்கெட் வாசல்.

இப்படிச் செய்கிறவர்களை ஈவிரக்கம் இல்லாத ஜென்மங்கள் என்று ஏசிவிட்டுப் போவது சுலபம். நான் பார்த்தவரை அவர்களில் பலர் அப்படிப்பட்டவர்கள் இல்லை, கணக்குப் போடாதவர்கள். பிள்ளைகளுக்குத் துணி, முறுக்குக்கு மாவு, பட்டாசு, அக்கா வீட்டுக்கு வாங்கிப் போகும் சாமான், பஸ் டிக்கெட் என்று எல்லாவற்றுக்கும் காசு ஒதுக்கியிருப்பார்கள். புறப்படுவதற்கு முதல் நாள் ராத்திரிதான் “நாயை என்ன பண்றது?” என்று யாராவது கேட்பார்கள். அந்த நேரத்தில் அந்தக் கேள்விக்குச் செலவில்லாத பதில் ஒன்றுதான் இருக்கிறது. அது செம்பனைக் காட்டோரம் நிற்கிறது.

நான் தோட்டத்து ஆபீசில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன். செக்ரோல் என்கிற ஆள்கணக்குப் பதிவேட்டை எழுதிப் பழகிய கை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் விழாதவருக்கு அன்றைய சம்பளம் கிடையாது. வீட்டு வரவு செலவும் அப்படித்தான்: எழுதாத செலவுக்குக் காசு இருக்காது. நாய்க்கும் ஒரு வரி எழுதுங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது. அப்படி எழுதிய பிறகும் ஏழை வீடுகளில் கணக்கு ஒத்துவராது. அந்த இடத்துக்கு ரயில் நிறுவனமும் ஊராட்சி மன்றங்களும் பொறுப்பேற்க வேண்டும்.

தோட்டத்தில் நாய்க்கு யாரும் கணக்கு வைத்ததில்லை, உண்மைதான். அது லயத்து வாசலில் கிடக்கும், மிச்சச் சோற்றைத் தின்னும். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டப் போகும் பெண்களுக்கு முன்னால் ஓடும். பன்றி வந்தாலும் பாம்பு கிடந்தாலும் முதலில் குரைப்பது அதுதான். குடும்பத்தோடு தைப்பூசத்துக்குப் பினாங்கு போனால் பக்கத்து வீட்டு அம்மா கஞ்சி ஊற்றிவிடுவார். வரிசையாக வீடுகள் இருந்த இடத்தில் நாயை யாரிடம் விடுவது என்ற யோசனையே எழாது.

பிறகு பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. சில இடங்களில் செம்பனையும் போய்த் தாமான் என்கிற வீடமைப்புப் பகுதி வந்தது. தோட்டம் துண்டாடப்பட்டபோது எங்கள் ஜனங்கள் லாரியில் சாமான் ஏற்றினார்கள். லாரிக்காரர் நடைக்கு இவ்வளவு என்று பேசியிருந்தார். கட்டில் ஏறியது, அலமாரி ஏறியது, சாமி படங்களும் தையல் மெஷினும் கோழிக்கூடும்கூட ஏறின. நாய் ஏறவில்லை. போகிற இடம் மலிவு விலை அடுக்குமாடி. அங்கே நாய் வளர்க்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். ஆள் போன லயத்து வாசலை விட்டு நகராமல் நாய்கள் வாரக்கணக்கில் கிடந்ததை ஆபீஸ் சன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன். நிர்வாகம் போட்ட இடமாற்றச் செலவுப் பட்டியலில் லாரி இருந்தது, கூலி இருந்தது, மின்சார இணைப்புக்கான முன்பணம்கூட இருந்தது. நாயைப் பற்றி ஒரு வரியும் இல்லை. தொழிற்சங்கத்துக்காரர்களுக்கும் அப்போது கேட்பதற்கு வேறு ஆயிரம் விஷயம் இருந்தது.

இனி இன்றைய கணக்கைப் பார்ப்போம்.

எங்கள் வீட்டில் டைகர் இருக்கிறான். பேருக்கும் ஆளுக்கும் சம்பந்தமில்லாத பதினைந்து கிலோ நாட்டுநாய். மகள் கிள்ளானில் இருக்கிறாள். சுங்கைப் பட்டாணியிலிருந்து அங்கே நானூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மைவி காருக்கு ஒரு வழியில் இருபத்தைந்து லிட்டருக்குக் கொஞ்சம் மேலே எண்ணெய் பிடிக்கும். பூடி95 எண்ணெய் மானியத் திட்டத்தின் லிட்டருக்கு 1.99 வெள்ளி விலையில் ஐம்பது வெள்ளிச் சொச்சம் ஆகிறது. டோல் நாற்பது வெள்ளியை ஒட்டி வரும். 2020 பிப்ரவரியில் பிளஸ் நெடுஞ்சாலைக் கட்டணத்தை 18 விழுக்காடு குறைத்திராவிட்டால் இன்னும் கூடியிருக்கும். ஆக, போகவர எண்ணெயும் டோலும் சேர்த்து ஏறக்குறைய 190 வெள்ளி. பின்சீட்டில் டைகர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தத் தொகை மாறப்போவதில்லை.

அவனை விட்டுவிட்டுப் போனால்? எங்கள் வட்டாரத்தில் நாய் விடுதி ஒன்றில் விசாரித்தோம். ஓர் இரவுக்கு 40 வெள்ளி என்றார்கள். பெருநாள் காலத்தில் அதற்கு மேலே கேட்கிறவர்களும் உண்டு. ஐந்து இரவுக்கு 200 வெள்ளி. நாங்கள் வீட்டோடு கிள்ளான் போய்வரும் எண்ணெய், டோல் செலவைவிட அவன் ஒருவன் சுங்கைப் பட்டாணியிலேயே தங்கியிருக்கும் செலவு அதிகம். கார் உள்ளவர்கள் நாயைக் கூட்டிப் போவதை ஆடம்பரம் என்று நினைக்கிறார்கள். எழுதிப் பார்த்தால் விட்டுப் போவதுதான் ஆடம்பரம்.

கூட்டிப் போவதற்கும் செலவு இல்லாமல் இல்லை. முதலில் கூண்டு. அவன் எழுந்து நின்று திரும்பிப் படுக்கும் அளவுக்கு ஒன்று 150 வெள்ளிக்குக் கிடைக்கும். ஒரு தடவை வாங்கினால் பல வருஷம் வரும். மடியில் உட்கார வைத்துக்கொண்டு போகலாம் என்கிறவர்கள், டிரைவர் திடீரென்று பிரேக் போட்டால் அந்தப் பதினைந்து கிலோ எங்கே போய் விழும் என்று யோசிக்க வேண்டும். அடுத்து, புறப்படுவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே தீனியை நிறுத்திவிடுவது நல்லது. வயிறு நிறைந்த நாய் ஈப்போ வருவதற்குள் பின்சீட்டைக் கழுவ வைத்துவிடும். தண்ணீர் மட்டும் அவ்வப்போது காட்டலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியம், கூடவே இன்னொரு பெரிய ஆள் வேண்டும். குனோங் செமாங்கோல், தாப்பா போன்ற ஓய்விடங்களில் நாயோடு சாப்பாட்டுக் கடைக்குள் போக முடியாது. காரில் பூட்டி வைத்துவிட்டுப் பசியாறப் போகவும் கூடாது. நம் ஊர் வெயிலில் நிற்கும் கார் சில நிமிஷங்களில் அடுப்பாகிவிடும், நாய்க்கு வியர்வையாகக் கொட்டி உடம்பைத் தணித்துக்கொள்ளும் வழி இல்லை. ஒருவர் மரநிழலில் நாயோடு நிற்க, மற்றவர் போய்வர வேண்டும். இதற்கு ஆகிற கூடுதல் நேரத்தையும் கணக்கில் சேருங்கள். ஐந்து மணி நேரப் பயணம் ஏழு மணி நேரமாகும். வழியில் இரவு தங்க நினைத்தால் செலவு வேறு மாதிரி ஏறும். நாயை ஏற்கும் ஹோட்டல் குறைவு, ஏற்கிற இடத்திலும் முன்பணம் தனியாகக் கேட்பார்கள். அதனால் எங்கள் வீட்டில் விடியலுக்கு முன்பே கிளம்பி ஒரே மூச்சில் போய்ச் சேர்ந்துவிடுவோம்.

கெடாக்காரர்களுக்கு இன்னொரு சிக்கல். நமக்கு வார ஓய்வு வெள்ளியும் சனியும். 2026 தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. இங்கே அரசாங்க ஆபீசில் வேலை செய்யும் என் மகனுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள் சேர்ந்து கிடைக்கும், திங்கள் காலை மேசையில் இருக்க வேண்டும். மகள் இருக்கும் சிலாங்கூரில் ஞாயிறுக்குப் பதிலாகத் திங்களும் லீவு. “இன்னும் ஒரு நாள் இருந்துட்டுப் போங்கப்பா” என்று மகள் பிடித்துக்கொள்வாள். மகன் கிளம்பிவிடுவான், நானும் மனைவியும் இருந்துவிடுவோம். நாயை விடுதியில் விட்டிருந்தால் அந்த ஒரு நாள் பாசத்துக்கு இன்னும் 40 வெள்ளி. புறப்படும் முன்பே யார் எப்போது திரும்புகிறார்கள் என்று பேசி முடித்துவிடுங்கள்.

ஊசியை மட்டும் மிச்சம் பிடிக்கும் இடமாக நினைக்காதீர்கள். வடக்கே இருக்கும் நமக்கு 2015 மறந்திருக்காது. மலேசியா வெறிநாய்க்கடி இல்லாத நாடு என்று பேர் எடுத்துச் சில வருஷம்கூட ஆகவில்லை, அந்த ஆண்டு பெர்லிஸ், கெடா, பினாங்கு மூன்றிலும் ரேபிஸ் தலைகாட்டியது. கால்நடைச் சேவைத் துறை ஊர் ஊராக ஊசி போட்டது. பினாங்கில் தெருநாய்களைக் கொல்லச் சொன்ன உத்தரவு பெரிய சர்ச்சையானது. 2017இல் சரவாக்கில் அதே நோய் பரவி மனித உயிர்களையும் எடுத்தது. நோய்க்கு மாநில எல்லை தெரியாது. நாயை நானூறு கிலோமீட்டர் கூட்டிப் போகிறவர் ஊசிப் புத்தகத்தையும் கூடவே எடுத்துப் போக வேண்டும். வருடாந்திரத் தடுப்பூசியும் ரேபிஸ் ஊசியும் சேர்த்து எங்களுக்கு 120 வெள்ளி ஆகிறது. உண்ணிக்கும் பூச்சிக்கும் மருந்து 60.

ஹட்யாய்க்கு ஒரு நடை போகும்போது நாயையும் ஏற்றிக்கொள்ளலாமா என்று கேட்கிறவர்களுக்கு: வேண்டாம். புக்கிட் காயு ஹீத்தாம் எல்லை காரில் பக்கம்தான், ஆனால் நாய்க்கு அது இரண்டு நாட்டுச் சட்டம். போகும்போது சுகாதாரச் சான்றிதழ், திரும்பும்போது இறக்குமதி அனுமதி, அதற்கு மேல் தடுப்பு நிலையத்தில் நாள்கணக்கில் வாசம். இரண்டு நாள் சாப்பாட்டுப் பயணத்துக்கு இது தாங்காது.

ஆக, வருஷத்துக்கு ஊசி 120, மருந்து 60, பெருநாள் இரவுகளுக்கு 200, எதிர்பாராத செலவுக்கு 100. மொத்தம் 480 வெள்ளி, மாதத்துக்கு 40. கூட்டிப் போகிறவர்களுக்கு விடுதிப் பணம் மிஞ்சும், முதல் வருஷம் அதில் கூண்டு வாங்கிவிடலாம். இந்த 40 வெள்ளியை ஜனவரியிலிருந்து தனியாக எடுத்து வைத்தால் தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி அந்தக் கேள்வியே எழாது. அக்டோபர் மாதச் சம்பளத்தில் ஒரேயடியாக எடுக்கப் பார்த்தால் துணியோடும் முறுக்கோடும் போட்டி போட வேண்டும். அந்தப் போட்டியில் நாய்தான் தோற்கும்.

“மனுஷனுக்கே வழியில்லை, நாய்க்கு மாசம் நாற்பது வெள்ளியா?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. குறைந்தபட்சச் சம்பளம் இன்று 1,700 வெள்ளி. இருபத்தாறு நாள் வேலை என்று வைத்தால் நாளுக்கு 65 வெள்ளிச் சொச்சம். விடுதியில் ஐந்து இரவு என்பது மூன்று நாள் உழைப்பு. பாடாங் செராயிலோ லூனாசிலோ ஒரு சம்பளத்தில் ஐந்து பேர் சாப்பிடும் வீட்டில் மூன்று நாள் உழைப்பைத் தூக்கி நாய்க்குக் கொடு என்று நான் எப்படிச் சொல்வேன்? அந்த வீட்டில் கார் இருக்காது, மோட்டார்தான் இருக்கும். அவர்கள் ஊருக்குப் போவது பஸ்ஸிலோ ரயிலிலோ. இரண்டிலும் நாய்க்கு இடமில்லை. செல்லப்பிராணிகளை ஏற்றிச் செல்லும் தனி வாடகை வண்டியைக் கிள்ளானுக்குக் கேட்டபோது எனக்குச் சொன்ன விலை 500 வெள்ளி. கையில் காசுள்ளவருக்கு நாயோடு பயணம் செய்ய வழி இருக்கிறது, காசு இல்லாதவருக்கு எந்த வழியும் இல்லை. மாதம் நாற்பது வெள்ளி சேமியுங்கள் என்று அவருக்கு உபதேசம் செய்வதில் அர்த்தமில்லை. அவருக்கு வேண்டியது டிக்கெட்.

ஏன் தரக்கூடாது? 2015 ஜூலையிலிருந்து இடிஎஸ் ரயில் பாடாங் பெசார் வரை ஓடுகிறது. அலோர் ஸ்டார், குரூண், சுங்கைப் பட்டாணி எல்லாம் அந்தத் தடத்தில் இருக்கின்றன. பெருநாள் காலத்தில் கூடுதல் ரயிலும் விடுகிறார்கள். அந்தக் கூடுதல் ரயில் ஒன்றில், கடைசிப் பெட்டியின் ஒரு பகுதியில், பூட்டிய கூண்டுகளுக்கு இடம் ஒதுக்கிக் கட்டணம் வாங்கிக்கொள்ளலாம். இது ஒன்றும் உலகத்தில் நடக்காத அதிசயம் இல்லை. இந்திய ரயிலில் நாயை கார்டு பெட்டியில் உள்ள கூண்டில் ஏற்றி அனுப்ப முடியும். முதல் வகுப்பில் இருவருக்கோ நால்வருக்கோ உள்ள அறையை முழுவதுமாகப் பதிவு செய்தால் நாயைக் கூடவே வைத்துக்கொள்ளவும் அனுமதி உண்டு. சுவிட்சர்லாந்திலும் ஜெர்மனியிலும் கூடைக்குள் அடங்கும் சின்ன நாய்க்குக் கட்டணமில்லை, பெரிய நாய்க்கு அரை டிக்கெட்.

நம் நாட்டில் சமய உணர்வு என்ற ஒன்று இருக்கிறது என்று சொல்வார்கள். இருக்கிறது, அதை மதிக்கத்தான் வேண்டும். பக்கத்து சீட்டில் நாய் இருந்தால் ஒரு முஸ்லிம் பயணிக்கு ஏற்படும் சங்கடத்தைப் புரிந்துகொள்ளாமல் நாம் இத்தனை தலைமுறை இங்கே வாழ்ந்துவிடவில்லை. அதனால்தான் கடைசிப் பெட்டியில் தனிப் பகுதி, தனிக் கதவு, பூட்டிய கூண்டு என்கிறேன். இன்னொன்றையும் பாருங்கள். பூனைக்கும் ரயிலில் இடமில்லை. நோன்புப் பெருநாளுக்குக் கம்பத்துக்குப் போகும் மலாய்க் குடும்பம் பூனையை என்ன செய்வது என்று தவிக்கிற தவிப்பும் நம்முடையதும் ஒன்றுதான். பூனை விடுதிகள் அந்த வாரம் நிரம்பி வழியும். இந்தக் கோரிக்கையைத் தமிழர் கோரிக்கையாக வைக்காமல் அவர்களோடு சேர்ந்து வைத்தால் எடுபடும்.

ஊராட்சி மன்றங்களுக்கும் ஒரு வார்த்தை. நாய்க்கு உரிமம் எடுக்கச் சொல்கிறீர்கள், கட்டணம் வாங்குகிறீர்கள், உரிமம் இல்லாத நாயைப் பிடிக்க வண்டி அனுப்புகிறீர்கள். உரிமம் எடுத்தவர்களுக்கு அந்தக் கட்டணத்தால் என்ன கிடைக்கிறது? கால்நடைத் துறையோடு சேர்ந்து மூன்று பெருநாள்களுக்கும் தலா ஒரு வாரம், குறைந்த கட்டணத்தில், உரிமமும் ஊசியும் உள்ள நாய்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம் ஒன்றைச் சுங்கைப் பட்டாணியிலும் கூலிமிலும் திறக்கட்டும். உரிமம் எடுக்கிறவர் எண்ணிக்கை தானாகக் கூடும், சாலையோரத்தில் பிடிக்க வேண்டிய நாய் குறையும். 2017 ஜூலையில் நடப்புக்கு வந்த விலங்குநலச் சட்டம் கொடுமை செய்கிறவருக்கு 20,000 வெள்ளி முதல் 100,000 வெள்ளி வரை அபராதமோ மூன்று வருஷம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. தண்டிக்க இவ்வளவு பெரிய சட்டம் வைத்திருக்கும் நாட்டில், தப்பு நடக்காமல் தடுக்க ஒரு கொட்டகை போடுவது பெரிய காரியமில்லை.

அதுவரை நம் கையில் உள்ள மலிவான வழி நம் தாமானிலேயே இருக்கிறது. இந்த நாட்டில் எல்லாரும் ஒரே நாளில் ஊருக்குப் போவதில்லை. சீனப் பெருநாளுக்கு எங்கள் எதிர்வீட்டு ஆ சோ குடும்பத்தோடு தைப்பிங் போவார். அவர் வீட்டு நாய்க்கு நாங்கள் சோறு வைப்போம், காலை மாலை நடத்திக் கூட்டிப் போவோம். எங்களுக்குக் காரில் போக வசதிப்படாத வருஷம் டைகர் அவர் வீட்டில் இருப்பான். அவர் வைக்கும் கோழிச் சோற்றுக்குப் பிறகு எங்கள் வீட்டுச் சாப்பாடு அவனுக்கு இரண்டு நாள் இறங்காது. பக்கத்து வீட்டு மலாய்க்காரர் நாயைத் தொடமாட்டார், ஆனால் நாங்கள் இல்லாதபோது வீட்டின் மேல் ஒரு கண் வைத்திருப்பார். ஹரி ராயாவுக்கு அவர் பூனைகளுக்குத் தீனி போடுவது என் மனைவி. தீனியை மட்டும் அவரவர் வாங்கி வைத்துவிட்டுப் போக வேண்டும். பெருநாள்கள் வேறு வேறு மாதத்தில் வரும் நாட்டில் இருப்பதால் கிடைக்கும் இந்த வசதியை லயத்தில் இருந்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தாமானுக்கு வந்து இரும்புக் கதவு போட்ட பிறகுதான் மறந்துபோனோம். இதற்குக் காசு தேவையில்லை. தீபாவளிக்கு முதல் நாள் போய்க் கதவைத் தட்டாமல் ஒரு மாதம் முன்பே பேசி வைத்தால் போதும்.

கடைசியாக, இன்னும் நாய் வாங்காத இளைஞர்களுக்கு. படத்தில் பார்த்த ஹஸ்கிக் குட்டியை ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கத் துடிக்கிறீர்கள். பனிப்பிரதேச நாயை கெடா வெயிலில் வளர்ப்பது பற்றித் தனியாகச் சண்டை போடலாம். இப்போதைக்கு ஒரு தாளை எடுத்து, மாதம் 40 வெள்ளி, வருஷத்துக்கு 480, நாயின் ஆயுசு பன்னிரண்டு வருஷம் என்று எழுதுங்கள். 5,760 வெள்ளி வரும். இதில் தீனி சேரவில்லை, குட்டியின் விலை சேரவில்லை. அடுத்த பன்னிரண்டு தீபாவளிக்கும் அது எங்கே இருக்கும், யார் பார்த்துக்கொள்வார்கள் என்று அந்தத் தாளிலேயே பேர் போட்டு எழுதுங்கள். எழுத ஒரு பேர் இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் பக்கத்து வீட்டு நாய்க்குப் பெருநாளில் சோறு வையுங்கள். இப்போதைக்கு அதுவே பெரிய உதவி.